ஞானப்பல்லைப் புடுங்கத்தான் வேணுமோ, டொக்டர்?

உயர்தரப் பரீட்சைக்கு ஆறு கிழமை இருக்கும்போது அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது என் கிளினிக். பிள்ளையின் வலது கன்னம் வீங்கியிருந்தது. வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. கூடவே அம்மா, அம்மம்மா. பிள்ளை கதிரையில் சாயும் முன்னமே அம்மா கேட்டார்: "ஞானப்பல்லாம் டொக்டர். புடுங்கத்தான் வேணுமோ?"

கேள்விக்குப் பின்னால் ஒரு குடும்பமே நின்றது. ரொறன்ரோவில் இருக்கும் சித்தி முதல் நாள் இரவே போன் எடுத்திருக்கிறார்: "இஞ்ச பதினேழு பதினெட்டிலேயே நாலையும் எடுத்துப்போடுவினம், யோசிக்காதேங்கோ." லண்டன் மாமா அதற்கு நேர்மாறு: "இஞ்ச பிரச்சினை இல்லாட்டி தொடவே மாட்டினம். சும்மா இருக்கிற பல்லை ஏன் கிண்டுவான்?" அம்மம்மாவுக்கு இரண்டு பேரிலும் நம்பிக்கை இல்லை. "மேல்பல்லில கை வைச்சா கண் பார்வை போயிடும் பிள்ளை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

கொழும்பில் இந்த மூன்று குரலும் கேட்காத தமிழ்க் குடும்பம் குறைவு. அன்றைக்கு அந்தத் தாய்க்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் பல்லை எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள். முன்னால், நடுவில் இருக்கும் பல்லில் தொடங்கி ஒரு பக்கமாகப் பின்னுக்குப் போங்கள். முதலாவதும் இரண்டாவதும் வெட்டும் பற்கள். மூன்றாவது கூரான வேட்டைப்பல். நாலும் ஐந்தும் சின்னக் கடைவாய்ப் பற்கள். ஆறும் ஏழும் எட்டும் பெரிய கடைவாய்ப் பற்கள், எங்கள் ஊர்ப் பேச்சில் கொடுப்புப் பற்கள். அந்த எட்டாவதுதான் ஞானப்பல். மேலே இரண்டு, கீழே இரண்டு, மொத்தம் 4. எல்லாம் வந்தால் வாயில் 32 பல். வைத்தியர் உங்கள் கார்டில் 18, 28, 38, 48 என்று எழுதினால் பயப்பட வேண்டாம். முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பதைக் காட்டும், இரண்டாவது எத்தனையாவது பல் என்பதை. 18 மேல் வலது, 28 மேல் இடது, 38 கீழ் இடது, 48 கீழ் வலது. வலது, இடது என்பது நோயாளியின் பக்கத்திலிருந்து. இந்த இலக்கம் தெரிந்திருந்தால், எந்தப் பல்லைப் பற்றிக் கதைக்கிறோம் என்பதில் பிசகே வராது. தப்பான பல்லைக் காட்டி "இதுதானே?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

ஆறாவது பல் ஆறு வயதளவில் வருகிறது, ஏழாவது பன்னிரண்டு வயதளவில். எட்டாவதுக்கு அவசரம் இல்லை. ஏழிலிருந்து பத்து வயதுக்குள் தாடை எலும்புக்குள் உருவாகத் தொடங்கி, பெரும்பாலும் 17க்கும் 25க்கும் இடையில்தான் தலை காட்டும். புத்தி தெளிகிற வயதில் வருவதால் ஞானப்பல் என்ற பெயர். அறிவுக்கும் அதற்கும் வேறு தொடர்பு கிடையாது, எடுத்தால் எதுவும் குறையாது. சிலருக்கு இந்தப் பல் உருவாவதே இல்லை. உலக அளவில் பார்த்தால் ஐந்தில் ஒருவருக்கு ஒன்றாவது பிறப்பிலேயே கிடையாது. "எனக்கு இன்னும் வரேல்லையே" என்று முப்பது வயதில் கவலைப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்வேன்: வராததும் இயல்புதான்.

வந்தால் ஏன் இவ்வளவு தொல்லை? இடம் இல்லை, அவ்வளவுதான். மனிதர் கடினமான உணவை அதிகம் மென்ற காலத்தில் தாடையும் நீளமாக வளர்ந்தது. சமைத்து மெதுவாக்கிய சாப்பாட்டுக்குப் பழகிய பிறகு தாடை சுருங்கியது, பல்லின் எண்ணிக்கையும் அளவும் அதே வேகத்தில் குறையவில்லை. மாலை ஐந்தரைக்கு புறக்கோட்டையிலிருந்து வரும் 100 ஆம் இலக்க பஸ்ஸின் கடைசிச் சீற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. கடைசியாக ஏறியவர் நேராக உட்கார முடியாமல் பக்கத்து ஆளின் தோளில் சாய்கிறார். எட்டாம் பல்லும் அப்படித்தான் ஏழாம் பல்லின் மேல் சாய்கிறது. முன்னோக்கிச் சாய்வதுதான் அதிகம் காணும் நிலை. முழுதாகப் படுத்துக் கிடப்பதும் உண்டு, நேராக நின்றபடியே எலும்புக்குள் சிக்கியிருப்பதும் உண்டு, பின்னோக்கிச் சாய்வதும் உண்டு. வெளியே வர வழியில்லாமல் நிற்கும் இப்படியான பல்லைச் சிக்கிய பல் என்போம்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சிக்கியிருப்பது ஒரு நிலை, அது நோய் அல்ல. எக்ஸ்ரேயில் ஒரு பல் படுத்துக் கிடப்பதைப் பார்த்த உடனே மனம் பதறும். ஆனால் எலும்புக்குள் முழுதாகப் புதைந்து, வாய்க்கும் அதற்கும் தொடர்பே இல்லாமல், யாரையும் தொடாமல் எண்பது வயது வரை கிடந்த பற்களும் உண்டு. அதிகம் தொல்லை தருவது பாதி வெளியேயும் பாதி உள்ளேயும் நிற்கும் பல்தான்.

பாதி வந்த பல்லின் மேல் முரசு, அதாவது ஈறு, ஒரு மடல் போல மூடி நிற்கும். அந்த மடலுக்கு அடியில் சோற்றுப் பருக்கை, தேங்காய்ப்பூ, கடலைத் தோல் எல்லாம் போய் ஒளிந்துகொள்ளும். பிரஷ் அங்கே போகாது. கிருமிகள் பெருகி முரசு வீங்கும். வீங்கிய முரசை மேல்பல் ஒவ்வொரு கடிக்கும் குத்தும். குத்தக் குத்த இன்னும் வீங்கும். வாயில் ஒரு கெட்ட சுவை, மணம், விழுங்கும்போது நோவு, காதுப் பக்கம் இழுப்பு, பிறகு வாய் திறக்க முடியாமை. அந்தப் பிள்ளைக்கு இருந்தது இதுவேதான். நித்திரை இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிடாமல், பல் துலக்குவதையும் குறைத்துக்கொண்டு படிக்கும் பரீட்சைக் காலத்தில் இது தலைதூக்குவதை வருடா வருடம் பார்க்கிறேன்.

அன்றைக்கு நான் பல்லைத் தொடவில்லை. மடலுக்கு அடியில் மருந்து நீர் பாய்ச்சிக் கழுவினேன். வெதுவெதுப்பான உப்புத்தண்ணியால் நாளுக்கு நாலைந்து தரம் கொப்புளிக்கச் சொன்னேன். வாய் திறக்காமல் கன்னமும் வீங்கியிருந்தபடியால் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையும் எழுதிக் கொடுத்தேன். எல்லா ஞானப்பல் நோவுக்கும் அந்த மாத்திரை தேவையில்லை. வீக்கம் பரவினால், காய்ச்சல் இருந்தால், வாய் பூட்டிக்கொண்டால்தான் தேவை. முரசு மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தால் கழுவுவதே மருந்து. அப்போதுதான் அம்மா சொன்னார், மூன்று மாதத்துக்கு முன்பும் இதே நோ வந்ததாம். பாமசியில் சொல்லி அமொக்சிலின் நாலு வில்லை வாங்கிப் போட்டார்களாம், சுகமாகிவிட்டதாம். மனம் நொந்துதான் சொல்கிறேன், இதைச் செய்யாதீர்கள். நாலு வில்லை கிருமியை அடக்கும், அழிக்காது. மடல் அங்கேயே இருக்கிறது, அடுத்த முறை உணவு சிக்கத்தான் போகிறது. அமொக்சிலினும் பெனிசிலின் வகைதான், பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத ஒருவர் தெரியாமல் போட்டால் உயிருக்கே ஆபத்து.

வீக்கம் வடிந்து ஐந்தாம் நாள் வாய் திறந்ததும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னேன். கருவி தலையைச் சுற்றிச் சுழன்று, அரை நிமிடத்துக்குள் முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டிவிடும். கதிர்வீச்சு மிகக் குறைவு. இந்தப் படத்தை எடுத்தால் உங்களுக்கு உரிய ஒரு உரிமையைக் கேட்டு வாங்குங்கள்: வைத்தியர் அதை வெளிச்சத்தில் பிடித்து, பல் பல்லாக உங்களுக்கு விளக்க வேண்டும். "எடுக்கவேணும்" என்ற ஒரு சொல்லோடு எழும்பி வராதீர்கள்.

அந்தப் படத்தில் நாங்கள் கண்டவை நாலு விஷயம். 28 கிடையாது, உருவாகவே இல்லை. அப்படியென்றால் சித்தி சொன்ன "நாலையும் எடு" என்பதில் ஒன்று தானாகவே கழிந்தது. 18 நேராக வந்து நிற்கிறது, பிரஷ் எட்டும் இடத்தில். 38 எலும்புக்குள் முழுதாகப் புதைந்து கிடக்கிறது, ஏழாம் பல்லைத் தொடவில்லை. 48 முன்னோக்கிச் சாய்ந்து பாதி வெளியே நிற்கிறது. அதன் தலை 47 இன் பின்பக்கத்தை முட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு சின்னக் கறுப்பு நிழல்.

அந்த நிழலைத்தான் அம்மாவுக்கு விரல் வைத்துக் காட்டினேன். ஏழாம் பல்லில் சூத்தை தொடங்கிவிட்டது.

ஞானப்பல் பற்றி நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான். எட்டாம் பல்லை மட்டும் பார்க்காதீர்கள், ஏழாம் பல்லைப் பாருங்கள். எட்டாம் பல் இல்லாமல் ஆயுள் முழுக்க நன்றாக மெல்லலாம். ஏழாம் பல் போனால் மெல்லும் பலத்தில் ஒரு நல்ல பங்கு போய்விடும். சாய்ந்த எட்டுக்கும் ஏழுக்கும் நடுவில் உள்ள அந்த முக்கோண இடுக்கில் உணவு நாளுக்கு மூன்று தரம் போய்த் தங்குகிறது. நோவு எதுவும் தெரியாது. தெரியவரும்போது சூத்தை நரம்புவரை போயிருக்கும், அல்லது வேரைச் சுற்றிய எலும்பு கரைந்திருக்கும். அந்த இடத்தில் நிரப்புவதும் கடினம், வேர்ச் சிகிச்சை செய்வதும் கடினம். எட்டைக் காப்பாற்றப் போய் ஏழைப் பறிகொடுத்தவர்களை நடுத்தர வயதில் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலை வரும், ஏனென்றால் இருபது வயதில் ஒரு எக்ஸ்ரேயில் இது தெரிந்திருக்கும்.

சரி, கனடாவும் லண்டனும் ஏன் இப்படி மாறுபடுகின்றன? வட அமெரிக்காவில் நோய் வரும் முன்னமே இளவயதில் எடுத்துவிடும் வழக்கம் பலமாக இருந்து வருகிறது. அவர்களின் வாதம் வெறும் வாதமல்ல. இருபது வயதுக்கு முன்பு வேர் முழுதாக வளர்ந்திருக்காது, எலும்பும் இளக்கம், காயம் விரைவில் ஆறும். பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டு நைஸ் என்ற தேசிய நிறுவனம் நோயில்லாத சிக்கிய ஞானப்பற்களை முன்கூட்டியே எடுக்கும் வழக்கத்தை நிறுத்தும்படி வழிகாட்டல் வெளியிட்டது. தேவையில்லாத சத்திர சிகிச்சையால் வரும் நரம்புச் சேதம், செலவு, வேலை நாள் இழப்பு இவற்றை எடைபோட்டுச் சொன்னது அது. முரசு வீக்கம் ஒரு தரம் வந்தால், மிகக் கடுமையாக இல்லாவிட்டால், அதற்காக எடுக்க வேண்டாம், இரண்டாம் தரம் வந்தால் எடுக்கலாம் என்றும் அதிலே இருக்கிறது. பிறகு வந்த வருடங்களில் அங்கே ஞானப்பல் எடுப்பவர்களின் சராசரி வயது ஏறியது. ஏழாம் பல்லில் சூத்தையோடு வருகிறவர்களும் கூடினார்கள் என்று அங்கத்தைய வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள். உலக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கொக்ரேன் குழு 2020 இல் மறுபடி பார்த்துவிட்டு, நோயில்லாத சிக்கிய பல்லை எடுப்பதா விடுவதா என்று முடிவு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

ஆகவே சித்தியும் பொய் சொல்லவில்லை, மாமாவும் பொய் சொல்லவில்லை. இரண்டு நாட்டு வழக்கத்தை அவரவர் சொன்னார்கள். ஆனால் வழக்கத்தை வைத்து ஒரு வாயைத் தீர்மானிக்க முடியாது. என் நடைமுறை இது: நோய் தந்த பல்லை எடுப்பேன். ஏழாம் பல்லுக்குக் கேடு செய்யும் பல்லையும், செய்யப்போவது கண்ணுக்குத் தெரியும் பல்லையும் எடுப்பேன். சுற்றிலும் நீர்க்கட்டி வளரும் பல்லை எடுத்தே ஆகவேண்டும், ஆனால் அது அரிது. மற்றவற்றை விட்டுவைத்து, ஒழுங்காகப் பார்த்து வருவேன். விட்டுவைப்பது என்றால் மறந்துவிடுவது அல்ல. வருடத்துக்கு ஒரு தரம் வாயைக் காட்ட வேண்டும், தேவைப்பட்டால் சில வருடங்களுக்கு ஒரு தரம் எக்ஸ்ரே. "விட்டுவிடலாம்" என்று சொன்ன பிறகு பத்து வருடம் ஆளையே காணாமல் போனால் அந்த முடிவுக்குப் பொருள் இல்லை.

முன்பற்கள் நெருங்கிக் கோணலாகாமல் இருக்க ஞானப்பல்லை எடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு, முக்கியமாகப் பல்லுக்குக் கம்பி போட்டுக் கழற்றிய பிள்ளைகளின் பெற்றோர். கீழ் முன்பற்கள் வயதோடு கொஞ்சம் நெருங்குவது ஞானப்பல்லே இல்லாதவர்களிடமும் நடக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் எடுக்க நான் சம்மதிப்பதில்லை.

இனி அம்மம்மாவின் பயம். இது எங்கள் ஆட்களிடம் ஆழமாக இருக்கிறது, அதனால் நேரம் எடுத்து விளக்குவேன். கண்ணுக்குப் பார்வை தரும் நரம்பு மூளையிலிருந்து நேரே கண்ணுக்குப் பின்னால் போகிறது. மேல்பல்லுக்கு உணர்வு தருவது வேறொரு பெரிய நரம்பின் கிளை. அதே பெரிய நரம்பின் இன்னொரு கிளை நெற்றிக்கும் கண்ணின் மேற்புறத்துக்கும் உணர்வு கொடுப்பதால்தான் மேல்பல் நோ கண்ணுக்குள் குத்துவது போல் தெரிகிறது. நோ அங்கே தெரிகிறது, சேதம் அங்கே போவதில்லை. பல்லை எடுப்பதால் பார்வை போகாது. அம்மம்மா முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்ப கீழ்ப்பல்லுக்கு ஒண்டும் இல்லையோ?" என்றார். நல்ல கேள்வி. ஏனென்றால் உண்மையான நரம்புக் கவலை கீழ்ப்பல்லில்தான்.

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் ஓடுகிறது. அதற்குள் போகும் நரம்பு கீழ் உதட்டுக்கும் நாடிக்கும் உணர்வு தருகிறது. ஞானப்பல்லின் வேர் சிலருக்கு அந்தக் குழாயைத் தொட்டுக்கொண்டே இருக்கும். எடுக்கும்போது நரம்பு நசுங்கினால் அந்தப் பக்கத்து உதடும் நாடியும் விறைத்துப்போகும். உதடு அசையும், சிரிக்கலாம், ஆனால் தொட்டால் தெரியாது, தேத்தண்ணி சுட்டாலும் தெரியாது. உட்பக்கமாகப் போகும் இன்னொரு நரம்பு நாக்கின் பாதிக்கு உரியது. நூற்றில் ஒரு சிலருக்கு இந்த விறைப்பு சில கிழமையோ சில மாதமோ இருந்து மாறும். நிரந்தரமாக நிற்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. குறைவுதான், ஆனால் அந்த ஒருவருக்கு அது முழு வாழ்க்கை. அதனால் வேர் நரம்போடு ஒட்டியிருப்பது போல் ஓ.பி.ஜி.யில் தெரிந்தால், முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். மிகவும் ஒட்டியிருந்தால் பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை அப்படியே விட்டுவைக்கும் முறையும் உண்டு. கையெழுத்து வாங்கும் முன் இந்த நரம்புக் கதையை யாராவது உங்களுக்குச் சொல்லாவிட்டால், நீங்களே கேளுங்கள்.

மேல் ஞானப்பல் பெரும்பாலும் சில நிமிட வேலை. கீழ்ப்பல்லுக்கு, அதுவும் சாய்ந்ததற்கு, அரை மணி நேரம் வரை போகலாம். விறைப்பு ஊசி போட்டால் நோ தெரியாது, அமுக்கமும் சத்தமும் தெரியும். இதை முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர் நடுவில் பயந்துபோகிறார்கள். முரசைக் கொஞ்சம் விலக்கி, தேவையான எலும்பை அகற்றி, பல்லை இரண்டு மூன்று துண்டாக்கி எடுப்போம். குறட்டால் பலமாக இழுப்பதுதான் வேலை என்று நினைக்கிறார்கள். துண்டாக்குவதே இழுப்பைத் தவிர்க்கத்தான். பிறகு ஓரிரண்டு தையல்.

பரீட்சைக்கு முன்பா பின்பா? பின்பு என்றேன். எடுத்த பிறகு வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சத்துக்கு வரும், வாய் சரியாகத் திறக்க ஒரு கிழமை இரண்டு கிழமை ஆகலாம். ஆறு கிழமை போதும்தான், ஆனால் படிக்கிற பிள்ளையின் ஒரு கிழமையைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. இடுக்கைச் சுத்தமாக வைக்கச் சின்னத் தலை உள்ள பிரஷ் ஒன்றைக் கொடுத்து, வாயைக் கண்ணாடியில் பார்த்துத் துலக்கப் பழக்கினேன். பரீட்சை முடிந்து நாலாம் நாள் எடுத்தோம். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: விசா வந்த பிறகு, பிளேன் ஏறுவதற்கு மூன்று நாள் இருக்க ஓடிவராதீர்கள். இரண்டு மாதம் முன்னதாக ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

எடுத்த அன்று செய்யவேண்டியதை அவள் அம்மாவுக்கு எழுதியே கொடுத்தேன். கோஸ் துணியை அரை மணி நேரம் இறுக்கிக் கடித்திருக்க வேண்டும், எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. துப்பக்கூடாது, கொப்புளிக்கக்கூடாது, ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சக்கூடாது, சூடான தேத்தண்ணி வேண்டாம். காரணம் ஒன்றுதான்: குழியில் உறையும் இரத்தக்கட்டிதான் இயற்கை போடும் மருந்துக்கட்டு, அது கழன்றால் எலும்பு வெறுமையாகும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் நோ குறைவதற்குப் பதிலாகக் கூடி, காதுவரை இழுத்து, வாய் மணத்தால் அதுதான் உலர்ந்த குழி. கீழ் ஞானப்பல்லுக்குப் பிறகுதான் இது அதிகம். புகைக்கிறவர்களுக்கு இன்னும் அதிகம். ஆபத்து இல்லை, ஆனால் நோ பொல்லாதது. கிளினிக்குக்கு வந்தால் கழுவி, கராம்பு எண்ணெய் கலந்த மருந்து வைத்துவிடுவோம், அன்றே தணியும். வீட்டில் கராம்பு எண்ணெயை நேரே ஊற்ற வேண்டாம், முரசை எரித்துவிடும். அஸ்பிரின் வில்லையைப் பல்லோரம் வைப்பதும் அப்படித்தான்.

சாப்பாட்டுக்கு எங்கள் வீடுகளில் பஞ்சமில்லை. முதல் நாள் யோகட், ஐஸ்கிறீம், ஆறவைத்த கஞ்சி. மற்ற நாள் சொதியில் ஊறவைத்த இடியப்பம், குழைத்த பருப்பும் சோறும். முறுக்கு, கடலை, காலிமுகத்திடல் இறால் வடை எல்லாம் இரண்டு கிழமை காத்திருக்கட்டும். ஐஸ் கட்டியைத் துவாயில் சுற்றி, முதல் நாள் கன்னத்தில் விட்டுவிட்டு வைக்கலாம். உப்புத்தண்ணி இருபத்துநாலு மணி நேரத்துக்குப் பிறகு, மெதுவாக.

நோவுக்கு பனடோலும் இபுபுறூஃபனும் சேர்ந்து நன்றாக வேலை செய்யும், வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இல்லாவிட்டால். ஆனால் நாங்கள் இருப்பது கொழும்பில். டெங்குக் காய்ச்சல் இருக்கும்போது இபுபுறூஃபன் போடக்கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும். அதனால் காய்ச்சலோடு பல் புடுங்க வராதீர்கள், முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எடுத்த பிறகு நல்ல காய்ச்சல் வந்தால் பல்தான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டாமல், இபுபுறூஃபனை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுகிறவர்கள், எலும்புத் தேய்வுக்கு ஊசி போடுகிறவர்கள், சீனி வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் முதலிலேயே சொல்லவேண்டும். குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

செலவை நினைத்துப் பின்போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வார்ட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது, அரச வைத்தியசாலை, சிகிச்சை இலவசம். சிக்கலான ஞானப்பற்களை எடுக்கும் வாய், முக, தாடைச் சத்திர சிகிச்சை நிபுணர்கள் அங்கே இருக்கிறார்கள். காத்திருக்க வேண்டிவரும், காலையிலேயே போங்கள். தனியாரிடம் போனால் அவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். விழுங்க முடியாமல் எச்சில் வடிந்தால், நாக்குக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் இறங்கினால், மூச்சு முட்டினால் எந்தக் கிளினிக்கும் திறக்கும் வரை காத்திருக்கக்கூடாது. 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், நேரே பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாய் திறக்க முடியாமை எல்லாம் ஞானப்பல் அல்ல. நோவே இல்லாமல், மாதக் கணக்கில் மெல்ல மெல்ல வாய் குறுகி, உறைப்பு பட்டால் எரிந்தால், அவர் வெற்றிலை பாக்கு போடுகிறவரானால், அது கன்னத்தின் உட்தோல் இறுகும் நோயாக இருக்கலாம். அது புற்றுநோய்க்கு முன்னால் வரக்கூடிய நிலை. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் எதுவானாலும் காட்டுங்கள். எட்டாம் பல்லுக்காக வாயைத் திறந்தவர்களிடம் இதைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளைக்கு ஏழாம் நாள் தையல் வெட்டினேன். மூன்றாம் கிழமை வாய் முழுதாகத் திறந்ததும் 47 இல் இருந்த சூத்தையைத் துப்புரவாக்கி நிரப்பினேன். நரம்புவரை போயிருக்கவில்லை. அம்மா எக்ஸ்ரேயைப் போனில் படம் பிடித்து ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் அனுப்பிவிட்டு, 18 என்ன ஆகும் என்று கேட்டார். கீழே கடிக்க ஜோடி இல்லாததால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிறங்கலாம், இறங்கி முரசைக் குத்தத் தொடங்கினால் எடுப்போம், இப்போது வேண்டாம் என்றேன். கார்டில் 18, 38 என்று எழுதி வட்டமிட்டு, அடுத்த வருடத் திகதியைப் போட்டுக் கொடுத்தேன். அம்மம்மா அந்தக் கார்டை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.